ரபி அக்கிபாவும் வானோர் வழிபாடும்

முகவுரை

கடவுளைத் துதித்தல் மக்கட்கு மட்டுமே உரிய தொழிலன்று என்பது யூதருடைய பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. உசியா அரசன் மரித்த ஆண்டில் ஏசாயா தீர்க்கதரிசி கண்ட தரிசனத்தில், ஆறாறு சிறகுகளையுடைய சேராபீன்கள் ஆண்டவருடைய சிங்காசனத்தருகே நின்று, ஒருவரையொருவர் கூவியழைத்து, அவரது பரிசுத்தத்தை மும்முறை சொல்லிப் புகழ்ந்தனர். பாபிலோன் நாட்டிலே சிறைப்பட்டோர் நடுவில் கேபார் நதியோரத்தில் இருந்த எசேக்கியேலோ, நந்நான்கு முகங்களையுடைய ஜீவன்களும், சக்கரத்துக்குள் சக்கரமும், அவற்றின்மேல் ஒரு சிங்காசனமுமாகத் தேர் போன்றதோர் அக்கினிக் காட்சியைக் கண்டார். இவ்விரு தரிசனங்களையும் பற்றுக்கோடாகக் கொண்டு, வானுலகில் தேவதூதர் இடையறாது நிகழ்த்தும் வழிபாட்டை மனிதன் காணக்கூடுமோ, கேட்கக்கூடுமோ, தன் எளிய குரலையும் அதனோடு சேர்க்கக்கூடுமோ என்று யூத ஞானியர் பல நூற்றாண்டுகளாக வினவி வந்தனர்.

அங்ஙனம் வினவியோருள் தலையாயவராக அம்மக்கள் போற்றும் பெரியார் ரபி அக்கிபா என்பவர். யோசேப்பு என்பாரின் மைந்தராகிய இவர் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிறந்து, ஏறத்தாழ 135-ஆம் ஆண்டில் உரோமர் கையில் உயிர் துறந்தார். இவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட சரிதம் ஒன்றும் நமக்குக் கிடைத்திலது. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், பின்னர் எழுந்த தால்மூது முதலிய பெருநூல்களும் ஆங்காங்கே தரும் செய்திகளைக் கோத்தே இவர் வாழ்க்கையை அறிதல் வேண்டும். அவற்றுள் வரலாறு இது, வழிவழி வந்த கதை இது எனப் பகுத்துக் காண்டல் எளிதன்று. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் தன் பெரியார் ஒருவரைக் குறித்து எத்தகைய கதைகளைப் பொன்னேபோற் போற்றிக் காத்தது என்பதும் அறியத்தக்கதேயாம்.

இளமையும் அறியாமையும்

அக்கிபா செல்வர் குடியிற் பிறந்தவரல்லர். கற்றோர் குடியிற் பிறந்தவருமல்லர். எருசலேமிலே பெருஞ்செல்வராய் விளங்கிய கல்பா சாபுவா என்பவருடைய ஆடுகளை மேய்த்து வயிறு வளர்த்தவர். எழுத்தறியாத அந்நாட்களிலே கற்றோர் மீது அவருக்கிருந்த வெறுப்பு அளவிறந்தது. பிற்காலத்தில் தாமே ஆசிரியராய் அமர்ந்தபொழுது, முன்னாளிலே கற்றவன் ஒருவன் தம் கையில் அகப்பட்டிருந்தால் அவனைக் கழுதை கடிப்பதுபோற் கடித்திருப்பேன் என்று மாணாக்கரிடம் ஒளியாமற் கூறினாராம். நாய் கடிப்பது போல என்று சொல்லலாகாதோ என்று அவர்கள் வினவ, நாய்க்கடி தோலளவில் நிற்கும், கழுதைக்கடியோ எலும்பையும் முறிக்கும் என்று விடை பகர்ந்தாராம். தம் பழைய அறியாமையை மறைத்தற்கு முயலாத இப்பண்பே அவர் பெருமைக்கு அடிப்படை எனலாம்.

நாற்பது பிராயம் நிரம்பும்வரை அவர் ஓரெழுத்தும் கற்றிலர் என்ப. ஒருநாள் கிணற்றோரத்தில் நின்றிருந்தபொழுது, அங்குக் கிடந்த கல்லொன்று குழிந்திருக்கக் கண்டு, இக்கல்லைக் குடைந்தவர் யாவர் என்று அருகிலிருந்தோரை வினவினார். நாடோறும் இடைவிடாது விழும் நீரே அதனைக் குடைந்தது என்று அவர்கள் கூறினர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நாம் சிறு பிராயத்திலேயே கேட்டறிந்து, கேட்ட அளவிலேயே மறந்தும் விடுகிறோம். அக்கிபாவோ மறந்தாரல்லர். மெல்லிய நீர் வல்லிய கல்லைக் குடையுமாயின், இரும்பினும் உறுதியான கடவுள் வாக்கு தசையாலாகிய தம் நெஞ்சைக் குடையாதோ என்று எண்ணினார். எண்ணிய அன்றே தம் சிறு மகனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியரிடம் சென்றார். எழுத்துப் பலகையின் ஒரு முனையைத் தந்தை பிடிக்க, மறுமுனையை மகன் பிடிக்க, இருவரும் ஒருங்கே முதலெழுத்தைக் கற்றனர். நரை தோன்றும் பருவத்தில் சிறுவர் வரிசையில் அமர்தற்கு வேண்டிய துணிவு, போர்க்களத்திலே நிற்பதற்கு வேண்டிய துணிவினும் சிறியதன்று.

வைக்கோற் படுக்கை

இக்கல்விக்கு மூலகாரணமாய் இருந்தவர் அவருடைய மனைவியாரே என்று தால்மூது கூறுகின்றது. ராகேல் என்று பின்னோர் பெயரிட்டு வழங்கும் இவ்வம்மையார் கல்பா சாபுவாவின் மகளார். தந்தையின் ஆடுகளை மேய்க்கும் ஏழையிடத்தில் அடக்கமும் நற்குணமும் இருத்தலைக் கண்டு, கற்கச் செல்வதாக வாக்களித்தால் மணஞ்செய்துகொள்ள இசைவதாகக் கூறினார். மணம் மறைவில் நிகழ்ந்தது. அதனை அறிந்த தந்தை தம் சொத்தில் ஒரு காசும் மகளுக்கில்லை என்று பொருத்தனை செய்து அவரை வீட்டினின்றும் புறம்போக்கினார்.

குளிர்காலத்தில் இருவரும் வைக்கோலிற் படுத்துறங்கினர். விடியலில் மனைவியின் கூந்தலிலே சிக்கிய வைக்கோலை எடுத்துவிடுகையில், எருசலேம் நகரின் உருவம் பொறித்த பொன்னணி ஒன்றை என்றேனும் அவருக்கு அணிவிக்க வேண்டும் என்று அக்கிபா ஏங்கினார். அவ்வேளையில் ஏழை ஒருவன் வாயிலில் வந்து, தன் மனைவி பிள்ளை பெற்றிருக்கிறாள், அவளைக் கிடத்துதற்கு வைக்கோலும் இல்லை என்று இரந்தான். வைக்கோலும் அற்றோர் உலகில் உளர் என்று அக்கிபா தம் மனைவிக்குக் காட்டி ஆறுதல் கூறினார். வந்தவர் எலியா தீர்க்கதரிசியே என்று கதை முடிகின்றது.

பின்னர் அம்மையார் அவரைக் கல்விக்கு அனுப்பினார். அக்கிபா பன்னீராண்டு கற்றுத் திரும்பி வந்து வீட்டுப் புறத்தே நின்றபொழுது, உள்ளே ஒருவர் கணவன் கைவிட்டானென்று அம்மையாரை இகழ்வதும், அதற்கு அவர், தம் கணவர் இன்னும் பன்னீராண்டு கற்கச் செல்வாராயினும் தமக்கு மகிழ்ச்சியே என்று விடையிறுப்பதும் அவர் செவியில் விழுந்தன. வாயிலைக் கடவாமலே திரும்பிச் சென்றார். இருபத்து நான்கு ஆண்டுகள் நிறைந்தபின், பெரும் மாணாக்கர் கூட்டம் புடைசூழ வந்த ஆசிரியரைக் காணக் கந்தலாடையுடன் முன்வந்த அம்மையாரை மாணாக்கர் தள்ளினர். அக்கிபா அவர்களைத் தடுத்து, தம்முடைய கல்வியும் அவர்களுடைய கல்வியும் இவருக்கே உரியன என்று எல்லாரும் கேட்கக் கூறினார். கற்றோர் பெருமை பேசும் கதைகள் பல. கற்பித்த தியாகத்தின் பெருமை பேசும் கதை இதுபோற் சிலவே.

ஆசிரியர் அக்கிபா

அக்கிபா எலியேசர், யோசுவா என்னும் இருபெரும் ரபிமாரிடம் பயின்று, பின்னர்ப் பெனே பெராக் என்னும் ஊரில் தாமே ஒரு கல்விக்கழகம் நடத்தினார். வாய்மொழியாய் வழங்கிய பிரமாணங்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தியது அவர் செய்த பெருந்தொண்டு. மிஷ்னா என்னும் மாளிகைக்கு அடித்தளமிட்டோருள் அவர் முதன்மையானவர். வேத எழுத்துக்களின் மேலுள்ள சிறு கோடுகளிலிருந்தும் பொருள் காண்பவர் என்று புகழப்பட்டார். உன்னதப்பாட்டு வேதத்தோடு சேர்தற்குரியதோ என்ற ஐயம் எழுந்தபொழுது, வேத எழுத்துக்கள் யாவும் பரிசுத்தமே, உன்னதப்பாட்டோ மகா பரிசுத்தம் என்று வாதித்தவர் அவரே. பிறனைத் தன்னைப்போல் நேசித்தலே பிரமாணத்தின் பெருநெறி என்று கற்பித்தவரும் அவரே.

ஆயினும் அவர் பள்ளியிலேயே அந்நெறி பிழைபட்டது. அவருடைய மாணாக்கர் இருபத்து நாலாயிரவர் பஸ்கா பண்டிகைக்கும் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கும் இடைப்பட்ட நாட்களில் மாண்டனர் என்றும், ஒருவர்க்கொருவர் மரியாதை செய்யாமையே அதற்குக் காரணம் என்றும் தால்மூது கூறும். எண்ணிக்கை எவ்வாறாயினும் ஆகுக, கருத்தையே நோக்குவோம். யூதருடைய காலை மன்றாட்டு ஒன்று, வானத்துத் தூதர் பாடத் தொடங்குமுன் ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்து, ஒருவரிடம் ஒருவர் இசைவு பெற்றுப் பின்னரே ஒரே குரலாய்ப் பாடுவர் என்று வருணிக்கின்றது. வானோர்க்கு இயல்பாயிருக்கும் இம்மரியாதை கற்றவர்க்கு அரிதாயிற்று. அக்கிபா மனமுடைந்து போகாமல், முதுமையில் தென்னாட்டுக்குச் சென்று, மேயீர், யூதா, யோசே, சிமியோன், எலெயாசார் முதலிய சிலரைக் கொண்டு மீண்டும் தொடங்கினார். அச்சிலராலேயே பிரமாணக் கல்வி அழியாது பிழைத்தது.

தேவாலயம் இல்லாத வழிபாடு

அக்கிபா இளைஞராயிருந்தபொழுது, கி.பி. 70-ஆம் ஆண்டில், உரோமர் படை எருசலேமைக் கைப்பற்றித் தேவாலயத்தைச் சுட்டெரித்தது. பலியும் தூபமும் லேவியர் பாடலும் ஒருங்கே ஓய்ந்தன. கீழே உள்ள ஆலயம் சாம்பலான பின், மேலே உள்ள ஆலயத்தில் நடக்கும் வழிபாட்டை நோக்கி யூதர் பலருடைய உள்ளம் திரும்பியது வியப்பன்று.

இந்நாட்டம் அப்பொழுது புதிதாய் முளைத்ததுமன்று. 1947-ஆம் ஆண்டு முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளிற் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள், ஓய்வுநாட் பலிக்குரிய பாடல்கள் என்று பெயர் பெற்ற நூலொன்று உளது. அதன் பிரதி ஒன்று, 1963 முதல் 1965 வரை அகழப்பட்ட மசாதாக் கோட்டையிலும் கிடைத்தது. பதின்மூன்று ஓய்வுநாட்களுக்கு உரிய பதின்மூன்று பாடல்கள் அதில் அடங்கும். அவை வானத்து ஆசாரியராகிய தூதரைத் துதிக்க அழைக்கின்றன. விண்ணாலயத்தின் தூண்களும் வாயில்களுமே உயிர்பெற்றுப் போற்றுவதாக வருணிக்கின்றன. ஆயினும் தூதர் பாடிய சொற்கள் இவை என்று எடுத்துக்காட்டுவதில்லை. மண்ணாலாகிய நாவின் காணிக்கை வானோர் அறிவின்முன் எம்மாத்திரம் என்று அப்பாடியோர் நாணி நிற்கின்றனர். இந்த நாணமே அக்கிபாவின் கதைக்குள் நாம் நுழையவேண்டிய வாயில்.

சோலையுட் புகுந்த நால்வர்

எசேக்கியேல் கண்ட தேரைப் பற்றிய விளக்கத்தை யாவர்க்கும் கற்பித்தல் ஆகாதென்பது மிஷ்னாவின் கட்டளை. தானே உணரவல்ல ஞானியாயினன்றி, தனித்த ஒரு மாணாக்கனுக்கும் அதனை உரைத்தலாகாது. இக்கட்டளை எழுந்ததன் காரணத்தை உணர்த்துவதுபோல நால்வர் கதை ஒன்று வழங்குகின்றது.

பென் அசாய், பென் சோமா, எலிஷா பென் அபுயா, அக்கிபா என்னும் நால்வர் பர்தேஸ் என்னும் சோலையுட் புகுந்தனர். அச்சோலை வானத்து இரகசியத்தைக் குறிக்கும் என்று பலர் கொள்வர். பென் அசாய் நோக்கினார். நோக்கிய அளவில் மாண்டார். பென் சோமா நோக்கினார்; அறிவு கலங்கினார். எலிஷா சோலையின் இளங்கன்றுகளை வெட்டினார். அஃதாவது நம்பிக்கையினின்றும் வழுவினார். அக்கிபா ஒருவரே சமாதானத்தோடு சென்று சமாதானத்தோடு திரும்பினார்.

எலிஷாவின் வீழ்ச்சிக்குப் பாபிலோனியத் தால்மூது கூறும் காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மெத்தத்திரோன் என்னும் தலைமைத் தூதன் இஸ்ரவேலரின் புண்ணியங்களை எழுதுதற்கு இசைவு பெற்று அமர்ந்திருந்தான். வானுலகில் அமர்தல் கடவுளுக்கே உரியது என்று கற்றிருந்த எலிஷா, அவன் அமர்ந்திருக்கக் கண்டு, வானத்தில் இரண்டு ஆட்சியாளர் உளர் போலும் என்று மயங்கினார். அம்மயக்கத்துக்கு இடந்தந்தமைக்காகத் தூதனும் அக்கினிக் கோல்களால் அறுபது அடி பெற்றான். தூதரோடு நின்று கடவுளை வழிபடுதல் ஒன்று. தூதரையே கடவுளென மயங்குதல் மற்றொன்று. ஊழியனுடைய ஒளியைக் கண்டு ஆண்டவனை மறந்தார் எலிஷா. அன்று தொட்டு அவர் பெயரையும் சொல்லாது, வேறொருவர் என்றே யூதர் குறிப்பாராயினர்.

அக்கிபாவையும் தூதர் தள்ள முற்பட்டனர். இம்முதியவனை விடுங்கள், என் மகிமையின் பணிக்கு இவன் தகுந்தவன் என்று கடவுளே அவர்களைத் தடுத்தாராம். அந்தத் தகுதி யாது? கதை அதனை விளக்கவில்லை. எனினும், எழுத்துப் பலகையின் முனையைப் பிடித்துச் சிறுவரோடு அமர்ந்தவர், தம்முடையதெல்லாம் மனைவிக்கு உரியதென்று பலர் முன் சொன்னவர், ஒளியைக் கண்டு தம்மை இழவாதிருத்தல் இயல்பே என்று தோன்றுகின்றது.

ஏழு மாளிகைகள்

அக்கிபாவுக்குப் பல தலைமுறைக்குப் பின், ஹெக்காலோத் நூல்கள், அஃதாவது மாளிகை நூல்கள், என்னும் நூற்றொகுதி எழுந்தது. அவற்றைச் செய்தோர் தம் பெயரை மறைத்து, அக்கிபாவையும் ரபி இஸ்மவேலையும் பேசவைத்தனர். ஆதலின், அங்குப் பேசும் அக்கிபாவை வரலாற்று அக்கிபாவெனக் கொள்ளுதல் தகாது. அவரைத் தம் வழிகாட்டியெனக் கொண்டோர் வரைந்த ஓவியமெனவே கொள்ளல் வேண்டும். கெர்ஷோம் ஷோலெம் என்னும் பேராசிரியர் 1941-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலால் இவற்றின் சிறப்பு உலகறிய வெளிப்பட்டது. 1981-இல் பேட்டர் ஷேபர் என்பார் ஏழு கையெழுத்துப் படிகளை ஒருங்குவைத்து இவற்றைப் பதிப்பித்தார்.

அந்நூல்கள் கூறும் வானுலகில் ஒன்றனுள் ஒன்றாய் ஏழு மாளிகைகள் உள. வாயில்தோறும் அச்சந்தரும் காவலர் நிற்பர். செல்வோன் உரிய முத்திரைகளைக் காட்டாவிடின் உயிர் பிழையான். ஆறாம் மாளிகையின் பளிங்குக் கற்கள் பேரலைகள் மோதுவதுபோல் மின்னும். அவற்றை நீரென்று சொல்பவன் அக்கணமே வீழ்த்தப்படுவான். சோலையுட் புகுமுன் அக்கிபா தம் தோழரை எச்சரித்ததும் இதுவே என்று தால்மூதும் கூறும். இவ்வனைத்தையும் கடந்து சிங்காசனத்தின் முன் சென்றால், ஆங்கு நிகழ்வது பாடலே. தூதர் அக்கினியாற்றில் மூழ்கித் தம்மைத் தூய்மைசெய்து, அணியணியாய் நின்று, மும்முறை பரிசுத்தம் சொல்லும் பாடலைப் பாடுவர். நாடோறும் அக்கினியாற்றினின்று புதிய தூதர் படைக்கப்பெற்று, ஒருமுறை பாடி, உடனே மறைந்துபோவர் என்பதும் தால்மூதிற் காணப்படும் ஒரு நம்பிக்கை.

இந்நூல்களில் இரண்டு செய்திகள் எம் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒன்று, இங்ஙனம் செல்வோரைத் தேருக்கு ஏறுவோர் என்னாது தேருக்கு இறங்குவோர் என்றே அவை பெரும்பாலும் வழங்குதல். அதன் காரணத்தை அறிஞர் பலவாறு கூறுவர். மற்றொன்று, தேர்ச் செயல் என்னும் நூலில் அக்கிபா தாம் சென்ற வழியை இஸ்மவேலுக்கு உரைக்கும் இடம். முதல் மாளிகையில் பக்தியுடையவராய், இரண்டாவதில் தூய்மையுடையவராய், மூன்றாவதில் நேர்மையுடையவராய், நான்காவதில் குறைவற்றவராய் நின்றதாக அவர் கூறுகின்றார். மந்திரமும் முத்திரையும் மலிந்த நூற்களிடையே, வாயில்களைத் திறப்பது ஒழுக்கமே என்னும் இவ்வொலி தெளிவாய்க் கேட்கின்றது.

பெரியாரும் பிழைத்த இடம்

வானுலகு சென்று மீண்டவரென்று போற்றப்பெற்ற அக்கிபா மண்ணுலகிற் பிழையாதவரல்லர். வனாந்தரத்திற் பொழிந்த மன்னாவைத் தூதர் உண்ணும் உணவு என்று அவர் பொருள் கூறியபொழுது, தூதர் உணவு உண்பரோ, அக்கிபா தவறினான் என்று போய்ச் சொல்லுங்கள் என இஸ்மவேல் சொல்லியனுப்பினார். இது சிறு பிழை. பெரும் பிழை ஒன்றும் உண்டு.

132-ஆம் ஆண்டில் சீமோன் என்பவன் தலைமையில் யூதர் உரோமருக்கெதிராய் எழுந்தனர். அவனே யாக்கோபிலிருந்து உதிக்கும் நட்சத்திரம், அவனே மேசியா என்று முதியவராகிய அக்கிபா கருதினார். அதனால் அவன் பார் கோக்பா, நட்சத்திர புத்திரன், எனப்பட்டான். அக்கிபாவின் கன்னங்களிற் புல் முளைத்த பின்னும் மேசியா வந்திரான் என்று யோகனான் பென் தோர்த்தா என்னும் ரபி இடித்துரைத்தார். 1960-ஆம் ஆண்டில் சாக்கடற்புறத்துக் குகையொன்றிற் கிடைத்த அவன் கடிதங்களில் நாம் காண்பவன் கட்டளையும் கண்டிப்பும் மிக்க படைத்தலைவனே. 135-இல் பேத்தேர்க் கோட்டை வீழ்ந்தது, அவனும் மாண்டான், எண்ணிறந்தோர் மடிந்தனர். தரிசனம் ஒருவரைத் தூயவராக்கலாம், தவறாதவராக்குவதில்லை. இதனை மறையாது எழுதிவைத்த யூத மரபின் நேர்மை பாராட்டத்தக்கது.

இறுதி வழிபாடு

வேதக் கல்வியை உரோமர் தண்டனைக்குரிய குற்றமாக்கினர். அக்கிபாவோ வெளிப்படையாகக் கூட்டங்கூட்டிக் கற்பித்தார். அச்சமில்லையோ என்று பப்புஸ் என்பவர் வினவ, அவர் ஓர் உவமை கூறினார். வலைக்கு அஞ்சி நீரில் அங்குமிங்கும் ஓடிய மீன்களை, கரைக்கு வந்து தன்னோடு வாழுமாறு நரி அழைத்ததாம். உயிர் தரும் நீரிலேயே அச்சமெனில், சாவு தரும் கரையில் எவ்வளவு அச்சம் என்று மீன்கள் மறுத்தனவாம். சின்னாளில் அக்கிபா சிறைப்பட்டார். அங்கே காவலன் குறைத்துக் கொடுத்த சிறிதளவு நீரையும், குடியாமல், உணவுக்கு முன் கைகழுவும் முறைமைக்கே செலவிட்டார்.

கொலைக்களத்திற்கு அவரைக் கொணர்ந்த வேளை, ஷெமா என்னும் அறிக்கையை ஓதவேண்டிய வேளையாயிருந்தது. ஆண்டவர் ஒருவரே என்பதும், அவரை முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் நேசிக்கவேண்டும் என்பதுமே அவ்வறிக்கையின் பொருள். இருப்புச் சீப்புகளால் அவருடைய தசையைக் கீறுகையில் அவர் அதனை ஓதினார். இதுவரைக்குமோ என்று மாணாக்கர் கதறினர். முழு ஆத்துமாவோடும் என்பதற்கு உயிரை எடுக்கும் பொழுதும் என்று தாம் பொருள் கொண்டிருந்ததையும், அதனை நிறைவேற்றும் நாள் வருமோ என்று வாழ்நாளெல்லாம் ஏங்கியதையும், வந்த நாளிலே நிறைவேற்றாது விடுதல் தகாமையையும் அவர் எடுத்துரைத்தார். ஒருவரே என்னும் சொல்லை நீட்டி ஒலிக்கையில் அவர் உயிர் பிரிந்தது.

அப்பொழுது தூதரே திகைத்தனர் என்கிறது தால்மூது. வேதத்தைக் கற்றதற்கு இதுவோ கைம்மாறு என்று அவர்கள் கடவுளை வினவினர். அக்கிபா மறுமை வாழ்வுக்குரியவர் என்று ஒரு விண்ணொலி எழுந்தது. மோசே ஒருகால் அக்கிபாவின் கல்வியைக் காட்சியிற் கண்டு வியந்து, அவர் பெறும் பரிசையும் காண விழைந்தார் என்றும், அங்காடியில் அவர் தசை நிறுக்கப்படுவதைக் கண்டு இதே வினாவைக் கேட்டார் என்றும், மௌனமாயிருக்கும்படி பணிக்கப்பெற்றார் என்றும் மற்றொரு கதை உண்டு. இரண்டிடத்தும் வினா அழிக்கப்படவில்லை. துன்பத்துக்கு எளிய விடை ஒன்றைச் சொல்லி முடித்துவிட அம்முன்னோர் துணிந்திலர்.

முடிவுரை

வானோர் வழிபாட்டைக் குறித்துத் தால்மூதில் இன்னொரு செய்தியும் உளது. கீழே இஸ்ரவேலர் பாடித் தொடங்கினாலன்றி, மேலே தூதர் தம் பாடலைத் தொடங்குவதில்லையாம். மேலும், தூதர் பரிசுத்தம் என்னும் சொல்லை மூன்று முறை சொல்லிய பின்னரே ஆண்டவர் திருநாமத்தைச் சொல்வர். ஷெமா ஓதும் மனிதரோ இரண்டு சொற்களுக்குப் பின்னரே அந்நாமத்தைச் சொல்லும் உரிமை பெற்றனர். மண்ணின் நாவு எம்மாத்திரம் என்று கும்ரானிற் பாடியோர் நாணி நின்றனர் அன்றோ? அந்நாணத்துக்கு யூத மரபு தந்த விடை இதுவெனலாம்.

ஏன் இவ்வுரிமை? அக்கினியாற்றிற் பிறந்த தூதனுக்குப் பசியில்லை, வறுமையில்லை, நாற்பது ஆண்டு அறியாமை இல்லை, பறிகொடுத்த மாணாக்கர் இல்லை, பிழைபட்ட நம்பிக்கையும் இல்லை. பாடுதல் அவனுக்கு இயல்பு. மனிதனுக்கோ ஒவ்வொரு துதியும் ஏதேனும் ஒன்றைக் கொடுத்துப் பெறுவது. ஏழு மாளிகைகளைக் கடந்து வானோர் பாடலைக் கேட்டவர் என்று பின்னோர் புகழ்ந்த அக்கிபா, தம் இறுதி வேளையில் ஓதியது வானோர் பாடலன்று. தம் மகனோடு பலகை பிடித்துக் கற்ற எழுத்துக்களால் எழுதப்பட்ட, சிறு குழந்தையும் ஓதும் ஷெமாவே. அந்நாளில் வானத்துப் பாடகர் எச்சொல்லுக்குக் காத்திருந்தனரோ, அச்சொல் கொலைக்களத்தினின்றே அவர்களுக்குச் சென்றது என்று கருதுதல் அம்மரபுக்கு முரணாகாது.

கிறிஸ்தவராகிய நாமும் அவ்விரு சொல்லுக்கும் உரிமை பூண்டவர். ஷெமாவை நம் ஆண்டவர் முதலாங் கற்பனை என்றார். யோவான் கண்ட வெளிப்பாட்டிலும், நம் திருவிருந்து ஆராதனையிலும் சேராபீன்களின் பாடல் ஒலிக்கின்றது. நண்பர்காள், நம் சிற்றாலயத்திலே அப்பாடலை நாம் பாதித் தூக்கத்தோடும் பரீட்சை நினைவோடும் பாடுகின்ற நாட்கள் பல. இனிப் பாடும்பொழுது, நம் குரலுக்காக வானோர் காத்திருக்கின்றனர் என்று எண்ணிப் பாடுவோமாக. அருகில் நிற்பவனுக்கு இடங்கொடுத்துப் பாடுவோமாக.